சூட்டில் தளரும் இரும்பு

எங்கள் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கேஸ் தோங்கின் வால்வை மூடினேனா இல்லையா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிறவள் நான். லிஃப்டில் கூட்டம் இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறவள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு வேலையும் அதற்கு ஏற்ற மாதிரியே அமைந்துவிட்டது. குருபோங்கில் ஒரு சின்னப் பொறியியல் ஆபிஸில், இரும்புச் சட்டங்களும் பீம்களும் எப்போது ஆடும், எவ்வளவு ஆடும், எந்தச் சூட்டில் வளையும் என்று கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பதுதான் என் வேலை. "பயப்படுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்கக்காதான்" என்று தம்பி எல்லோரிடமும் சொல்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவன் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

எங்கள் கோயில் செலண்டார் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஜனங்கள் எல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோன பிறகும் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. அப்பாதான் அதன் தலைவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பல்பு மாற்றுவதற்கு ஆள் தேடுவார். கோயில் என்றால் ஏணியில் அவரே ஏறுவார். கோயிலை ஒட்டி ஒரு மாடி மண்டபம் கட்டினார்கள். மேலே கல்யாண மண்டபம், கீழே சமையற்கட்டு. இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே நீளமான இரும்பு பீம்களைப் போட்டு, அவற்றின் மேல் மாடித் தரையை நிறுத்தியிருந்தார்கள். அடுப்புகளுக்கு நேர் மேலே பீம்கள்.

கட்டிய கொன்ட்ராக்டர் விவரம் தெரிந்தவர். ஒவ்வொரு பீமின் ஒரு முனையைச் சுவரோடு இறுக்கிவிட்டு, மறுமுனையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார். அந்தப் பக்கத்து போல்ட் துளைகளும் நீளவாக்கில் இருந்தன. இரும்பு சூட்டில் நீளும். நீள்வதற்கு அந்த இடம். அதை அவர் யாரிடமும் சொல்லாமல் போனாரா, சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லையா, எனக்குத் தெரியாது.

கும்பாபிஷேகம் நெருங்கியபோது அப்பாவின் கண்ணில் அந்த இடைவெளி பட்டது. "சுவத்துல ஓட்டைய வச்சிக்கிட்டா கும்பாபிஷேகம் பண்றது? குருவி வந்து கூடு கட்டும். பாக்குறவன் என்ன நெனப்பான்?" போல்ட்டுகள் லேசாக ஆடியதைப் பார்த்ததும், வேலையை அரைகுறையாக விட்டுப் போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை வைத்தார்கள். ஊரே திரண்டு வந்து கூட்டிக் கழுவிப் பெயிண்ட் அடித்தது. என் தம்பி புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அவன் தன் மெஷினைக் கொண்டுவந்து அத்தனை போல்ட்டுகளையும் பற்றவைத்தான். மற்றவர்கள் இடைவெளியில் சிமெண்டைத் திணித்துப் பூசி, அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை அடித்தார்கள். நான் அன்று வேலையாக வெளியூரில் இருந்தேன். ஊரில் இருந்திருந்தாலும் என்னைக் காய்கறி நறுக்க உட்காரவைத்திருப்பார்கள். பீம் பக்கம் போயிருக்க மாட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் மாடிக்குப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. தரை கல் மாதிரி இருந்தது. மதியம், அன்னதானச் சமையல் கீழே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடி போனேன். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மோரோடு உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஓடி நின்றார்கள், நாற்காலியின் ஆட்டம் நிற்கவில்லை. டம்ளரில் மோர் வளையம் வளையமாக அலைந்துகொண்டே இருந்தது. காலையில் இல்லாத ஆட்டம் மதியம் எங்கிருந்து வந்தது? கீழே இறங்கிப் போய், ஆவிக்கும் புகைக்கும் நடுவே அண்ணாந்து பார்த்தேன். பீம் முனையில் மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன. இடைவெளியைக் காணோம்.

இன்னும் சில வாரங்களில் அதே மண்டபத்தில் தம்பிக்குக் கல்யாணம். அவன் வெல்டர் மட்டுமல்ல, ஒரு உறுமி மேளக் குழுவுக்குத் தலைவன். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அவர்கள் அடித்துக் குதித்தால் தார் ரோடு அதிரும். அவன் கல்யாணத்தில் அடிக்காமல் வேறு யார் கல்யாணத்தில் அடிக்கப் போகிறார்கள்? அடுப்பு, கூட்டம், உறுமி, மூன்றும் ஒரே நேரத்தில் அந்த பீம்களின் மேலும் கீழும் வரப்போகின்றன. அந்த எண்ணம் வந்த பிறகு நான் கார் வரை எப்படி நடந்து போனேன் என்றே ஞாபகமில்லை.

மண்டபத்தின் வரைபடம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. மறுநாள் ஆபிஸில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்து பீமைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த பீமுக்கும் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. தட்டிவிட்டால் தனக்கென்று இருக்கும் ஒரு வேகத்தில் ஆடி ஓயும். அதே வேகத்தில் யாராவது அதன் மேல் தொடர்ந்து குதித்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, ஒவ்வொரு குதிப்புக்கும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால்தான் பீமின் துடிப்பு மனிதர்கள் குதிக்கும் வேகத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்படி பார்த்துக் கட்டுவார்கள்.

முதலில் கொன்ட்ராக்டர் விட்டிருந்த மாதிரியே மறுமுனையை விட்டுவைத்துச் சூட்டை ஏற்றினேன். பீம் கொஞ்சம் நீண்டது; துடிப்பு அசையவே இல்லை. பிறகு தம்பி பற்றவைத்த மாதிரி அந்த முனையையும் கட்டிவிட்டுச் சூட்டை ஏற்றினேன். நீள இடமில்லாத இரும்பு இரண்டு சுவர்களையும் முட்டியது. சுவர்கள் அதைத் திருப்பி நெருக்கின. நெருக்கப்பட்ட பீம் தளர்ந்துவிடும். சூடு ஏற ஏற அதன் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. என் போனில் தம்பியின் குழு ஆடிய வீடியோ இருந்தது. அதைப் போட்டு, அவர்கள் குதிக்கும் வேகத்தை எண்ணி, சூட்டையும் துடிப்பையும் காட்டும் கிராஃபில் ஒரு கோடாகப் போட்டேன். பீமின் கோடு மேலிருந்து சரிந்து வந்து அந்தக் கோட்டை வெட்டியது. எல்லா அடுப்புகளும் எரிகிற ஒரு கல்யாண மதியத்தில் பீம் எவ்வளவு சூடாகும் என்று நான் நினைத்திருந்தேனோ, கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே வெட்டியது. திரையில் ஆட்டத்தைப் பெரிதாக்கித்தான் காட்டுவார்கள், நிஜத்தில் அவ்வளவு வளையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சிவப்பாகக் காட்டப்பட்ட அந்த பீம் மேலும் கீழுமாக நெளிவதைப் பார்க்க முடியாமல் திரையை அணைத்துவிட்டேன். நாசி லெமாக் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

பாஸ் வந்து உட்கார்ந்து முழுவதையும் சரிபார்த்தார். என் பயமெல்லாம் அவருக்குப் பழக்கம். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கணக்கு சரிதான். நெசத்துல சுவரும் கொஞ்சம் விட்டுக் குடுக்கும், அதனால நீ காட்டுற அளவுக்கு மோசமா இருக்காது. விழும்னு என்னால சொல்ல முடியாது."

"விழாதுன்னு சொல்ல முடியுமா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த சிமெண்ட எடுக்கச் சொல்லும்மா. வெல்டிங்க வெட்டச் சொல்லு. அதுவரைக்கும் மேல யாரையும் ஆட விடாத."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ப்பா, அது ஓட்டை இல்லப்பா. இரும்பு நீள்றதுக்கு விட்ட எடம். சிமெண்ட ஒடச்சி எடுக்கணும்."

"என்னம்மா பேசுற? மண்டலாபிஷேகம் ஓடிக்கிட்டு இருக்கு. மண்டலம் முடியாம கோயில்ல உளி வைக்கிறதா?"

கும்பாபிஷேகத்துக்குப் பிறகு ஒரு மண்டலம் தினமும் அபிஷேகம் நடக்கும். அது நிறைவாகும் வரை கோயில் எல்லைக்குள் இடிக்கவோ உடைக்கவோ கூடாது என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். தம்பியின் முகூர்த்தமோ மண்டலத்துக்கு நடுவில் வந்தது.

"அப்போ கல்யாணத்த வேற எடத்துல வைப்போம்."

"பத்திரிகை குடுத்தாச்சு. தலைவர் வீட்டுக் கல்யாணமே நம்ம மண்டபத்துல நடக்கலன்னா, வேற எவன் அங்க வைப்பான்?"

"அடுப்பையாவது வெளிய போடச் சொல்லுங்கப்பா."

"மழ வந்தா சோத்துல தண்ணி. பந்தல்ல ஜனங்க சாப்பிட எடம் வேணாமா? நீ சும்மா எதையாச்சும் நெனச்சிப் பயப்படாத."

கெஞ்சினேன். அப்புறம் கத்தினேன். கத்தினால் எனக்கு அழுகை வந்துவிடும். நான் அழுதால் அப்பா டிவி பக்கம் திரும்பிவிடுவார். அன்றும் அதுவே நடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிவியைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன்.

தம்பிக்கு வேறு மாதிரிக் கோபம். "என் வெல்டிங்க நம்ப மாட்டியாக்கா? அந்த ஜாயிண்ட்ட யானை கட்டி இழுத்தாலும் பிரியாது."

"பிரியாததுதான்டா பிரச்சனையே."

"க்கா, தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி நாங்க என்னா பண்ணுவோம்? நெருப்புல காட்டுவோம். சூடு பட்டா தோலு டைட் ஆகும், சத்தம் ஏறும். சூடு பட்டா எல்லாம் டைட் ஆகும்லா. நீ என்னமோ தலைகீழா சொல்ற."

அவன் சொன்னது தோலுக்குச் சரி. சூட்டில் ஈரம் போய்த் தோல் சுருங்கப் பார்க்கும், வளையம் அதை இழுத்துப் பிடிக்கும், சுருதி ஏறும். இரும்பு நீளப் பார்க்கும், சுவர் அதை அமுக்கிப் பிடிக்கும், சுருதி இறங்கும். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ரூலரை எடுத்து, இரண்டு முனைகளிலும் உள்ளங்கையை வைத்து அமுக்கிக் காட்டினேன். நடுவில் அது தொளதொளத்துப் போனதைப் பார்த்தான். வாங்கித் தானும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தான்.

"சரிக்கா. மேல அடிக்க மாட்டோம். மாப்பிள்ள அழைப்பு கீழ வாசல்லயே முடிஞ்சிரும். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா லா."

எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கு மட்டும்தான். கல்யாணம் வரை அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன், தூங்கிய வரைக்கும்.

கல்யாணத்தன்று பட்டுச்சேலைக்குள் ஆபிஸ் வெப்பமானியை ஒளித்து எடுத்துப் போயிருந்தேன். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்த மாதிரி துப்பாக்கி. மாப்பிள்ளையின் அக்கா வந்தவர்களை வரவேற்காமல் சமையற்கட்டுக்கு ஓடி ஓடி பீமுக்குக் குறி வைத்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "என்னாக்கா, பீமுக்குக் காய்ச்சலா?" என்றார் சமையற்காரர். சாம்பார் அண்டாவுக்கு மேலே இருந்த பீம் நான் கம்ப்யூட்டரில் கொடுத்திருந்ததை விட அதிகமாகவே சூடாகியிருந்தது.

தம்பி தன் வாக்கைக் காப்பாற்றினான். உறுமி வாசலோடு நின்றது. மேலே நாதஸ்வரமும் தவிலும் மட்டும். கெட்டிமேளம் கொட்டியது; அவன் முதல் முடிச்சைப் போட, நாத்தனார் முடிச்சுகளை நான் போட்டேன். அந்த நேரத்திலும் என் மனசு தாலியில் இல்லை. வெறுங்காலால் தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் சின்ன அசைவுகளுக்கே அது லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள், முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆசீர்வாதம் முடிந்தது. கீழே பந்தி தயாராக இருந்தது. அப்பா பந்தலில் நின்று ஆட்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாடிப்படியில் உறுமிச் சத்தம் கேட்டது. தம்பியின் கூட்டாளிகள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். தலைவனுக்கு மாலை போட்டு அடிக்காமல் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. ஒருவன் தன் உறுமியைக் கழற்றித் தம்பியின் கழுத்தில், கல்யாண மாலைக்கு மேலேயே மாட்டிவிட்டான். "தல, ஒரே ஒரு அடி!"

தம்பி என்னைத் தேடினான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம். அவன் கையை உயர்த்தி, கொஞ்ச நேரம்தான் என்று சைகை காட்டினான். முகமெல்லாம் சந்தோஷம். பக்கத்தில் நின்ற அவன் மனைவி கைதட்டினாள். அவன் அடித்தான்.

நான் வீடியோவில் எண்ணிய அதே வேகம். இளசுகள் எல்லாம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு நடுவில் வந்து குதித்தார்கள். முதலில் என் பாதத்தில் தெரிந்தது. பிறகு முழங்காலில். மணவறையில் தொங்கிய மல்லிகைச் சரங்கள் பக்கவாட்டில் ஆடவில்லை, மேலும் கீழுமாகத் துள்ளின. சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தன. ஒரு பெரியவர் "நல்ல அடி, தரையே அதிருதே!" என்று ரசித்துச் சொன்னார். நான் கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது, படிக்கட்டில் இறங்கி, பந்தலைத் தாண்டி, செம்பனைக்குள் ஓடிவிட வேண்டும். அங்கே இருந்தவர்களில் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அவ்வளவு பயம். அதனால்தான் போகவும் முடியவில்லை.

உறுமியைக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுத்தான் எடுப்பார்கள். செருப்போடு பக்கத்தில் போகக் கூடாது, குழுவில் இல்லாதவர்கள் தொடக் கூடாது, பெண்கள் தொடவே கூடாது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், தம்பி அடித்துக்கொண்டிருந்த தோலின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

உறுமி தொண்டை அடைத்த மாதிரி நின்றது. மற்ற மேளங்களும் ஒவ்வொன்றாக நின்றன. குதித்தவர்கள் நின்றார்கள். "ஏய்!" என்று யாரோ அதட்டினார்கள். மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. தம்பியின் முகம் சிவந்துவிட்டது. குச்சியை ஓங்கியபடியே நின்றான்.

தரை மட்டும் நிற்கவில்லை.

யாரும் அசையாத அந்த அமைதியில் மல்லிகைச் சரங்கள் துள்ளிக்கொண்டே இருந்தன. மணவறைச் செம்பில் தண்ணீர் தளும்பியது. நாற்காலிகள் தாமாகவே டிக் டிக் என்று இடித்துக்கொண்டன. நான் அழுத்திப் பிடித்திருந்த தோல் என் கைக்குக் கீழே இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. தம்பி தன் குச்சியைப் பார்த்தான், தன் வெறுங்காலைப் பார்த்தான். சிவப்பெல்லாம் வடிந்துபோய் அவன் முகம் வெளுத்தது.

"க்கா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் அடிக்கலயே."

"ஓடாதீங்க!" என்று கத்தினேன். இந்த முறை குரல் வந்தது. "யாரும் ஓடாதீங்க. ஒண்ணா காலெடுத்து வைக்காதீங்க. சுவரோரமா, ஒவ்வொருத்தரா எறங்குங்க." ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். உள்ளங்காலில் தெரிந்துவிட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆட்டம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. கைக்குழந்தைக்காரிகள் முதலில் இறங்கினார்கள். தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும்போது உறுமியை மார்போடு அணைத்துக்கொண்டான். அது ஒலிக்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். நான் கடைசியாக இறங்கினேன். ஒவ்வொரு படியிலும், இதோ இப்போது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

கீழே அப்பா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். உறுமியைத் தொட்டதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "அடுப்பெல்லாம் அணைங்க, வெளிய வாங்க," என்றார். இரண்டாம் பந்திக்கான சோறு பாதி வெந்தபடி நின்றது. மஞ்சளும் சிவப்பும் பட்டை அடித்த இடத்தில் நெடுக விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து ஒரு சிமெண்டுச் சில்லு பெயர்ந்து விழுந்து அடுப்பு மேடையில் கிடந்தது.

பந்தலில் இலை போட்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. மேளமும் பேச்சும் அடுப்பும் நின்றுபோன பிறகு சமையற்கட்டின் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்சம் விட்டு மறுபடி டக்.

"அது என்னம்மா சத்தம்?" என்றார் அப்பா. அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"பீம் ஆறுதுப்பா."

மண்டலம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அப்பா சிமெண்டுச் சில்லைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே தம்பியிடம், "வெல்டிங்க வெட்டுற உன் கிரைண்டர் கார்லதான இருக்கு?" என்று கேட்டார்.

"முழுசா ஆறட்டும்ப்பா," என்றேன்.

சாயங்காலம் வரை காத்திருந்தோம். பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோலை அழுத்திய என் கையைப் பிடித்துக்கொண்டான். டக் என்று கேட்கும்போதெல்லாம் இருவரும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினோம்.